சுவிட்ச் இல்லாத சுவர்

பேச மாட்டேன். இருட்டட்டும், இன்னும் நன்றாக இருட்டட்டும், இந்த அடுப்பு மேடையும் நானும் ஒரே கறுப்பாகப் போகட்டும், பேச மாட்டேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் தலைக்கு மேலே விளக்கு எரியும், அது எனக்குத் தெரியாதா, அந்த வாக்கியம் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது, உட்கார்ந்திருக்கட்டும். ஹாலில் இவரும் இருட்டில்தான் இருக்கிறார். பிரம்பு நாற்காலி முனகுகிறது, இந்தப் பக்கம் காதைத் திருப்புகிறார் என்று அர்த்தம். மத்தியானம் ஹைதராபாத்தில் இருக்கும் எங்கள் பையன் பிரசன்னாவுக்குப் போன் போட்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தி, "இன்னைக்குச் சாயங்காலம் இந்த வீட்ல லைட்டைப் போடுன்னு நான் சொல்லப்போறதில்லடா. உங்கம்மா வாயைத் திறக்கட்டும், அப்பத்தான் வெளிச்சம்" என்றார். பையன் சிரித்திருப்பான். முந்தாநாள் காலையிலிருந்து நான் இவரோடு பேசவில்லை, வாயால் சொன்னால் விளக்குப் போடும் என்று இவர் வாங்கி வைத்திருக்கும் அந்த மெஷினோடும் பேசவில்லை. மெஷினிடம் பேசினால் என் குரல் இவர் காதில் விழும், விழுந்தால் நான் தோற்றேன். பேசாவிட்டால் இருட்டு. பார்க்கலாம் தணிகாசலம், பார்க்கலாம். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இவர் பெயரை வாயால் சொன்னதில்லை, மனசுக்குள் சொன்னால் யார் வந்து கேட்பது, தணிகாசலம், தணிகாசலம், கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆன தணிகாசலம், இருட்டு என்றால் உங்களுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். கரண்ட் போனால் முதலில் குரல் கொடுப்பது நீங்கள்தான். எனக்கு இருட்டு பழகின ஒன்று.

இந்தச் சுவர்களைச் சொல்லவேண்டும். தம்பி மகள் வளைகாப்புக்கு என்று புதுக்கோட்டைக்குப் போனேன், கூடமாட இருந்துவிட்டுப் போங்க அத்தை என்று அது கையைப் பிடித்துக்கொண்டதால் சில நாள் தங்கிவிட்டேன், திருச்சிக்குத் திரும்பி வந்து வாசற்படி ஏறினால் வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. சுவரெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு சுவிட்ச் கிடையாது. ஹாலில் இல்லை, படுக்கையறையில் இல்லை, சமையலறையில் மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் பிளக் விட்டிருந்தார்கள், விளக்குக்கும் ஃபேனுக்கும் இருந்த போர்டைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, புட்டி பூசி, மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். பையை இறக்கி வைக்கக்கூட விடாமல் இவர் நடு ஹாலில் நின்று, புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு, "தாரா, ஹால் லைட் போடும்மா" என்றார். போட்டது. "சரி, ஹால் லைட் போட்டாச்சு" என்று மெஷினிலிருந்து ஒரு பெண் குரல் வேறு, அதற்குப் பெயர்தான் தாராவாம். வெறுஞ்சுவர்தான் இப்போது அழகாம், பையன் அனுப்பிய டிசைனர் சொன்னானாம், சுவிட்ச் போர்டு சுவருக்கு மரு மாதிரியாம். எலக்ட்ரீசியன் சவரிமுத்து மட்டும், சமையலறையில் ஒன்றாவது இருக்கட்டும் சார், அம்மா ஈரக் கையும் மாவுக் கையுமாக நிற்பாங்க என்று கேட்டிருக்கிறார். அதெல்லாம் வாயால் சொன்னால் போதும், கையே வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். என் கை வேண்டாம் என்று முடிவு செய்யும்போது நான் புதுக்கோட்டையில் இன்னொருத்தி கைக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தேன்.

போடும்மா. அங்கேதான் எனக்கு முதலில் முள் குத்தியது, இன்றைக்கு வரைக்கும் அது வெளியே வரவில்லை. ஃபேனை ரெண்டுல வைம்மா. ஏசியை நிறுத்திடும்மா. எத்தனை வாஞ்சை. எனக்கு என்றால் "ஏய், காப்பி", "மங்கை, என் கண்ணாடி எங்க", அவ்வளவுதான், மங்கையர்க்கரசி என்று அப்பா வைத்த முழுப்பெயரை இவர் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்த்திருப்பார். சுண்டைக்காய் அளவு ஒரு மெஷின், அதற்கு ம்மா போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, அது ஒன்றும் கோபித்துக்கொண்டு மூலையில் உட்காரப் போவதில்லை. ஆனால் போடுகிறார். மனுஷிக்குக் கொடுக்க முடியாத மரியாதையை மனுஷி இல்லாததற்குக் கொடுக்க முடிகிறது, ஏனென்றால் அது திருப்பி ஒன்றும் கேட்காது. இதை நான் சொன்னால், இந்த வயசில் மெஷின் மேல் பொறாமையா என்று பையனிடம் சொல்லிச் சிரிப்பார். பொறாமைதான், ஆமாம், என்ன இப்போது. இரண்டு பேருக்கும் ஒரே வேலை, அவளுக்கு ம்மா, எனக்கு ஏய் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது. சரி, அதை விடு, அதற்காக நான் பேச்சை நிறுத்தவில்லை. அதற்கெல்லாம் பேச்சை நிறுத்துவதாக இருந்தால் கல்யாணம் ஆன மறுமாசமே நிறுத்தியிருக்கவேண்டும்.

நிறுத்தியது ஸ்டோர் ரூமுக்காக. விடியுமுன் எனக்கு விழிப்பு வந்துவிடும், வந்தால் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் கொஞ்ச நேரம் உட்காருவேன். எதற்கு என்று கேட்டால் ஒன்றுமில்லை. வெல்லமும் பழைய பேப்பரும் கலந்த ஒரு வாசனை வரும், மேல் தட்டில் பிரசன்னாவின் பள்ளிக்கூடக் கேடயங்கள் தூசியோடு நிற்கும், நான் சும்மா இருப்பேன், அழமாட்டேன், சாமி கும்பிடமாட்டேன், சும்மா. அப்புறம் எழுந்து பால் காய்ச்சப் போய்விடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான், டக் என்று போடுவேன், டக் என்று அணைப்பேன், அந்த டக் கூட இவர் குறட்டையில் கேட்காது. இந்தச் சுவர் வந்த பிறகு, ஸ்டோர் ரூம் வாசலில் திருடி மாதிரி நின்று, தாரா ஸ்டோர் ரூம் லைட் என்று கிசுகிசுக்கவேண்டியிருந்தது, கிசுகிசுத்தால் அதற்குக் காது கேட்காது, கொஞ்சம் குரலைத் தூக்கினால் அது தூக்கி அடித்து "சரி, ஸ்டோர் ரூம் லைட் போட்டாச்சு" என்று தெருவுக்கே அறிவிக்கும். அதையும் பொறுத்தேன். முந்தாநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே போனைப் பார்த்தவர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஸ்டோர் ரூம்ல விடியக்காலம் அவ்வளவு நேரம் லைட் எரிஞ்சிருக்கே, என்ன பண்ணிட்டிருந்த" என்றார். போனில் எல்லாம் வருகிறதாம், எந்த விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது, இங்கே வருவது ஹைதராபாத்திலும் தெரிகிறதாம். கரண்டியை வைத்தேன். என்ன பண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அதுதான் விஷயமே, ஒன்றுமில்லாத ஒரு இடம் எனக்கு இருந்தது, அதற்குள்ளும் போனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். திருடியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். பதில் சொல்லாமல் சட்டினிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன், அதிலிருந்து பேசவில்லை.

பேச்சைத்தான் நிறுத்தினேன், சோற்றை நிறுத்தவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில் சாப்பாடு ரெடி என்று தெரிந்துகொள்கிறார், டம்ளர் வைக்கிற சத்தத்தில் காப்பி. நேற்றுச் சாயங்காலம் இவரே எல்லா விளக்கையும் போடச் சொன்னார், எனக்குச் சமையல் ஆயிற்று, இவர் குரலில் வந்த வெளிச்சத்தில் நான் ஓசைப்படாமல் குளிர்காய்ந்தேன். அதைக் கண்டுபிடித்துவிட்டார், மேனேஜர் மூளை அல்லவா, அதனால்தான் இன்றைக்கு இந்தப் பந்தயம். வாசலில் தெருவிளக்கு வந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருட்டாகக் கிடக்கக்கூடாது, நானும் அதையெல்லாம் பார்க்கிறவள்தான், சாமி அலமாரியில் நெருப்புக்குச்சி கிழித்து விளக்கேற்றிவிட்டேன், தீப்பெட்டி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெளிச்சம் முருகன் முகத்துக்குப் போதும், என் தோசைக்கல்லுக்குப் போதாது. பரவாயில்லை. கேஸ் அடுப்பைத் திருகுகிறேன், இந்தக் குமிழை இன்னும் யாரும் பிடுங்கவில்லை. நீலமாக ஒரு வட்டம் வருகிறது, அதற்கு மேல் கல், கல்லுக்கு மேல் என் கை. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிக் கல்லைத் தேய்க்கிறேன், கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, தண்ணீர் தெளித்தால் அந்தச் சீறலிலேயே சூடு தெரியும். மாவை ஊற்றிச் சுற்றுகிறேன். ஓரம் சிவந்துவிட்டதா என்று மூக்குச் சொல்லும். இருட்டில் தோசை சுட்டவளை இவர் பார்த்திருக்கமாட்டார், வந்து பார்க்கட்டும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று மாமியார் அடிக்கடி சொல்லுவாள், சொல்லிவிட்டு என் வாயை அடைப்பாள். எல்லாம் கேட்டுத்தான் வாங்கவேண்டும், நான் கல்யாணமாகிப் போன அந்த மாமியார் வீட்டில். தேங்காயெண்ணெய் கேட்கவேண்டும். சோப்பு கரைந்துவிட்டது என்று போய் நிற்கவேண்டும், இவ்வளவு சீக்கிரமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். அம்மா வீட்டுக்குப் போக இவரைக் கேட்டால் அம்மாவைக் கேள் என்பார், அவளைக் கேட்டால் அவனைக் கேள் என்பாள், கேட்டுக் கேட்டு அந்தத் தீபாவளியே போய்விடும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், நான் அழவும் கேட்டுத்தான் அழவேண்டியிருந்தது, யார் என்ன சொன்னார்கள் இப்போது, எதற்கு மூக்கை உறிஞ்சுகிறாய் என்று. மத்தியானம் எல்லோரும் தூங்கியபின் பின்கட்டு அறையில் போய் நிற்பேன், கறுப்பாக உருண்டையாக ஒரு சுவிட்ச், கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் முரண்டிவிட்டு டொக் என்று விழும், தலைக்கு மேலே ஃபேன் சோம்பலாகச் சுற்ற ஆரம்பிக்கும். யாரையும் கேட்காமல் அந்த வீட்டில் நான் வாங்கிக்கொண்ட காற்று அது. இவ்வளவுதானா என்று யாராவது நினைக்கலாம், நினைக்கட்டும், கேட்டே பழகாதவர்களுக்கு அது இவ்வளவுதான். கை நீட்டினேன், கிடைத்தது. அப்படி வேறு எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

கல்லில் புகை வருகிறது, திருப்பிப் போடு. பயம் ஒன்று இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பெரியக்காவுக்குப் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கடைசி வரை பேச்சு வரவில்லை, உள்ளே இருக்கிறாள் என்று கண்ணில் தெரியும், வார்த்தை மட்டும் வராது. இடது கை இருந்தது. கட்டிலோரம் அவளுக்கு எட்டுகிற மாதிரி சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்கள், ஒன்று விளக்குக்கு, ஒன்று மணிக்கு. ராணி மாதிரி அழுத்துவாள். நான் போனால் விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து வரவேற்பாள், அதுதான் வாடி என்று அர்த்தம். அவளை இந்த வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும். நாளைக்கு எனக்கு வந்தால் என்ன ஆகும். வாய் எனக்கு முன்னால் போய்விட்டால், நான் உயிரோடு இருக்கிறேன் என்று இந்தச் சுவருக்கு யார் சொல்வது. அந்த நினைப்பில் தோசைக்கரண்டியை அவசரப்பட்டுச் செருகிவிட்டேன், இதோ தோசை கிழிந்துவிட்டது, கிழியட்டும், கிழிந்ததை நான் தின்கிறேன். உடம்பில் வாய்தான் பெரியது என்று எவன் முடிவு செய்தான். பேசத் தெரியுமுன்பே பிள்ளை கையைத்தான் நீட்டுகிறது.

நாற்காலி முனகுகிறது. வாசனை ஹாலுக்குப் போயிருக்கவேண்டும், பசி வந்திருக்கும், சர்க்கரை மாத்திரை போடுகிறவர், நேரம் தப்பினால் படபடப்பு வந்துவிடும். எழுந்து வரட்டும், தட்டை எடுத்து நீட்டுவேன். தொண்டையைச் செருமுகிறார். என்னைக் கூப்பிடப் போகிறாரோ. இல்லை. "தாரா, கிச்சன் லைட் போடும்மா" என்கிறார், கொஞ்சம் பெருமூச்சு விட்டு, எனக்குக் கேட்கும்படியாக, "பாவம், இருட்டுல நிக்கிறா" என்றும் சேர்த்துக்கொள்கிறார். சரி, கிச்சன் லைட் போட்டாச்சு. வெளிச்சம் என் தலையில் வந்து கொட்டுகிறது, கண் கூசுகிறது, தோசைக்கல் முன்னால் வேர்த்துப்போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிழிந்த தோசையோடு நான் நிற்பது எனக்கே தெரிகிறது. தூங்குகிறவள் மேலிருந்து போர்வையை உருவின மாதிரி இருக்கிறது. ஜெயித்தது நான்தான், சபதத்தை இவர்தான் விட்டார், ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. பாவமா. யாரிடம் சொல்கிறார் என்னைப் பாவம் என்று, அவளிடமா. நான் பக்கத்து அறையில் இருக்கிறேன், எனக்குக் காது இருக்கிறது, பெயர் இருக்கிறது, என்னைப் பற்றி ஒரு டப்பாவிடம் பரிதாபப்படுகிறார். என்னைக் கேட்காமல் சுவிட்சைப் பிடுங்கினீர்கள், என்னைக் கேட்காமல் போடுகிறீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நடக்கிறேன்.

ஹாலைக் கடக்கும்போது இவரைப் பார்க்கவில்லை. இவர் என்னைப் பார்க்கிறார், எங்கே போகிறாள் என்று தெரியாமல் கழுத்து திரும்புவது தெரிகிறது. வாசல் கதவுக்கு வெளியே, மீட்டருக்குக் கீழே, மெயின் சுவிட்ச் இருக்கும் இரும்புப் பெட்டி. இதை மட்டும் பூசி மூடமாட்டேன் என்று சவரிமுத்து நின்றிருக்கவேண்டும். கைப்பிடியைப் பிடிக்கிறேன், துருவும் குளிர்ச்சியுமாக உள்ளங்கையில் நிறைகிறது, இழுக்கிறேன், அது முரண்டுகிறது, இன்னும் இழுக்கிறேன், தடக் என்று விழுகிறது. அந்தச் சத்தம், ஆஹா. ஆனால் சமையலறை வெளிச்சம் அப்படியே இருக்கிறது, இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டது, மாடிப்படிக்கு அடியில் பீப் பீப் என்கிறது. உன்னையும் எனக்குத் தெரியுமடி. குனிந்து அதன் பொத்தானைத் தேடி அழுத்தியே பிடிக்கிறேன். வீடு அணைகிறது. ஃபேன் ஓய்கிறது, ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்குகிறது, இத்தனை நாள் இத்தனை சத்தம் இருந்தது என்று அது போனபிறகுதான் தெரிகிறது. திரும்பி வந்து கைப்பிடி மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"தாரா" என்கிறார். பதில் இல்லை. "தாரா, ஹால் லைட் போடும்மா." இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதே வாக்கியம். யாரும் சரி என்று சொல்லவில்லை. நாற்காலி நகர்கிறது, செருப்பு தேய்கிறது, அப்புறம் ஒரு சத்தம், முதலில் எனக்கு என்னவென்று புரியவில்லை, சரசரவென்று காகிதம் தேய்க்கிற மாதிரி. உள்ளங்கை. சுவரில் தடவுகிறார். கதவுக்கு இந்தப் பக்கம், தோள் உயரத்தில், முன்பு போர்டு இருந்த இடத்திலேயே தடவுகிறார், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, திரும்பவும் அதே இடம். இவர்தான் எடுக்கச் சொன்னார், இவர் கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், கை கைப்பிடியை மேலே தள்ளப் பார்க்கிறது, சேச்சே, இளகாதே மங்கையர்க்கரசி, இளகினால் நாளைக்கு மெயினுக்கும் புட்டி பூசிவிடுவார்கள்.

"மங்கை" என்கிறார். முதல் வார்த்தை இவர் வாயிலிருந்து வந்துவிட்டது. "மெயினை எறக்கினியா? போடு." கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன். அப்புறம், இறங்கின குரலில், "மெயினைப் போடும்மா" என்கிறார். வந்துவிட்டது, எத்தனை வருஷம் கழித்து என் பங்குக்கு ஒரு ம்மா. ஆனால் அது அவளிடம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்க்கு வழுக்கி வந்தது, அவள் செத்துக் கிடக்கிறாள் என்பதால் எனக்கு வந்தது, அந்த மிச்சம் எனக்கு வேண்டாம். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறார், வெளிச்சம் என் முகத்தில் அடிக்கிறது.

"மூஞ்சியில அடிக்காதீங்க" என்கிறேன். என் குரல் எனக்கே கரகரப்பாக இருக்கிறது. டார்ச்சைக் கீழே இறக்குகிறார், என் கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் பார்க்கிறார்.

"என்ன வேணும் உனக்கு" என்கிறார்.

"சவரிமுத்துவுக்குப் போன் போடுங்க. போர்டெல்லாம் திரும்ப வைக்கணும்."

ஒரு லைட் போட வாயைத் திறக்க இவ்வளவு கஷ்டமா, ஊரே இப்போது இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது, பையன் ஆசையாகச் செய்தது என்று என்னென்னவோ சொல்கிறார். முடிக்கட்டும் என்று விடுகிறேன். பேச்சை நிறுத்தி வைத்திருந்ததில் ஒரு நன்மை, சொல்லவேண்டியது மட்டும் கலங்காமல் அடியில் தங்கியிருக்கிறது.

"எண்ணெய்க்குக் கேட்டேன், சோப்புக்குக் கேட்டேன், எங்கம்மாவைப் பாக்கப் போறதுக்குக் கேட்டேன். நீங்களும் கேக்க வெச்சீங்க, உங்கம்மாவும் கேக்க வெச்சாங்க. வெளிச்சத்துக்கு மட்டும் நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. இனிமே கேக்கவும் மாட்டேன்."

கைப்பிடி மேல் இருக்கும் என் கையை இவர் திரும்பவும் பார்க்கிறார். பிறகு போனைக் காதுக்குக் கொண்டுபோகாமல், என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போடுகிறார். மணி அடித்து அடித்து, சவரிமுத்து எடுத்து, சொல்லுங்க சார் என்கிறார். போர்டு திரும்ப வைக்கவேண்டும் என்று இவர் பாதியை விழுங்கிச் சொல்ல, சவரிமுத்து சிரிக்கவில்லை, அவர் நல்ல மனுஷன், எத்தனை சார் என்று மட்டும் கேட்கிறார். "கிச்சனுக்கு ஒண்ணு" என்கிறார் இவர். "எல்லா ரூமுக்கும்" என்கிறேன் நான். இவர் என்னைப் பார்க்கிறார். "எல்லா ரூமுக்கும்" என்று போனில் சொல்கிறார். "ஸ்டோர் ரூமுக்கும்" என்கிறேன். "ஸ்டோர் ரூமுக்கும்பா, காலையிலயே வந்துடு" என்று சொல்லி வைக்கிறார்.

டார்ச் வெளிச்சம் இவர் காலடியில் கிடக்கிறது. வேட்டி நுனி தெரிகிறது, முகம் தெரியவில்லை. சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டேனே, இனி மெயினைப் போடலாமா என்று கேட்கிறார், இந்த முறை ம்மா இல்லை, ஏய்யும் இல்லை, கேள்விதான், நிஜமான கேள்வி, பதில் தெரியாதவர் கேட்கிற கேள்வி. என் உள்ளங்கையில் இரும்பு சூடாகிவிட்டது, பிடி நன்றாகப் படிந்துவிட்டது.

போடுகிறேன் என்கிறேன். எப்போது என்று சொல்லவில்லை.